டாஸ்மாக், பரந்தூர், தள்ளுவண்டி: லிபர்டேரியன் எந்தப் பக்கம் நிற்பார்?

கேட்கப்பட்டது இது: "லிபர்டேரியன் என்று சொல்லிக்கொள்ளும் சிலர் வரி கூடாது, இலவசம் கூடாது, அரசே கூடாது என்கிறார்கள். டாஸ்மாக், பரந்தூர், இடஒதுக்கீடு, தொழிற்சங்கம் பற்றியெல்லாம் இவர்கள் நிலைப்பாடு உண்மையில் என்ன? இந்த அமெரிக்கச் சரக்குக்குச் சென்னையில் என்ன வேலை? இவர்களுக்கு என்று ஒரு கட்சியாவது உண்டா?"

சென்னைக்கு இதில் பழைய பாத்தியதை உண்டு என்பதால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். 1959இல், 80 வயதில், ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கியது இந்த ஊரில்தான். தொழில் தொடங்க, இயந்திரம் வாங்க, உற்பத்தியைக் கூட்ட, எல்லாவற்றுக்கும் டெல்லியில் போய்க் காத்துக்கிடக்கும் நிலைமைக்கு 'பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்' என்று பெயர் வைத்தவர் அவர். 1967இல் திமுகவோடு கூட்டணி வைத்து காங்கிரஸை இறக்கியதில் அந்தக் கட்சிக்கும் பங்கு உண்டு. அதே தேர்தலில் மக்களவையில் 44 இடம் பிடித்துப் பெரிய எதிர்க்கட்சியாகவும் உட்கார்ந்தது.

அந்த ராஜ் எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டுமானால் பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜாருக்குப் போனால் போதும். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களின் பிழைப்புக்காக 1960களின் கடைசியில் உண்டான கடை வரிசை அது. இறக்குமதிக்குக் கெடுபிடி இருந்த காலத்தில் ஜப்பான் டேப் ரெக்கார்டர், சென்ட் பாட்டில், கைக்கடிகாரம் என்று எல்லாம் அங்கே கிடைத்தன. சுங்க அலுவலகமும் அதே சாலையில்தான். சாலைக்குப் பெயர் ராஜாஜி சாலை. 1991இல் இறக்குமதிக் கெடுபிடி தளர ஆரம்பித்த பிறகு அதே பொருட்கள் எல்லாக் கடைகளிலும் பில்லோடு கிடைக்க ஆரம்பித்ததும் கடத்தலுக்கு இருந்த மவுசு போய்விட்டது. இத்தனைக்கும் போலீஸ் யாரும் புதிதாகச் சுறுசுறுப்பாகிவிடவில்லை.

சரி, கொள்கை என்ன? ஒருவருடைய உடம்பும் உழைப்பும் உடைமையும் அவருடையவை. அவர் அடுத்தவர் மீது கை வைக்காதவரை அவர் மீது யாரும் கை வைக்கக் கூடாது, அரசு உட்பட. இவ்வளவுதான். அரசே வேண்டாம் என்பவர்கள் இதில் ஒரு சின்னக் கிளை. போலீஸ், நீதிமன்றம், ராணுவம் மட்டும் போதும் என்பவர்கள் ஒரு கூட்டம். பொருளாதார அறிஞர்கள் ஹயக், ஃப்ரீட்மன் மாதிரி, ஏழைகளுக்கு ஒரு குறைந்தபட்ச வருமானத்தை அரசு தரலாம் என்றவர்கள் இன்னொரு கூட்டம். நான் பாரிமுனைப் பக்கம் சிறு கடைகளுக்கு லைசென்ஸ், ஜிஎஸ்டி வேலை பார்த்துக் கொடுப்பவன். என் சாய்வு முக்கால்வாசி இந்தக் கடைசிக் கூட்டத்தின் பக்கம். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நம்ம ஊர் லிபர்டேரியன்களிடம் எனக்குள்ள பெரிய குறை, அவர்கள் சுதந்திரத்தை வருமான வரிப் படிவத்தில் தேடுவது. அது தெருவில் கிடக்கிறது.

எழும்பூரோ வியாசர்பாடியோ, மாலையில் ஒரு தள்ளுவண்டி இட்லிக் கடையைக் கவனியுங்கள். அலுமினியக் குண்டான், இரண்டு சட்னித் தூக்கு, ஒரு சாம்பார் தூக்கு, வண்டிக்கு அடியில் சிலிண்டர், பக்கத்தில் தண்ணீர் கேன். இந்தத் தொழிலை நடத்தும் அக்காவுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு பெரிய விஷயமில்லை, சிறு வியாபாரிக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். பிரச்சினை வண்டி நிற்கும் ஆறடி இடம். அந்த இடத்தில் நிற்பதற்கு அவர் கையில் காகிதம் இல்லாதவரை, யார் வேண்டுமானாலும் வந்து 'காலி பண்ணு' என்று சொல்லலாம். சொல்லாமல் இருப்பதற்கு ஒரு விலை உண்டு. மாமூல் என்று நாம் கூப்பிடுவது அதைத்தான். அந்த அக்கா கட்டும் உண்மையான வரி அது, ரசீது மட்டும் வராது.

இத்தனைக்கும் 2014இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் காகிதத்தில் நன்றாகவே இருக்கிறது. கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதானால் 30 நாள் நோட்டீஸ். சாமான்களைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதித் தர வேண்டும். கட்டணம் கட்டிக் கேட்டால், அழுகும் பொருளை அன்றைக்கே, மற்றதை இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே உட்கார வேண்டும். நாட்டில் எத்தனை பேர் இந்தச் சட்டத்தின் பத்து வரியையாவது படித்திருப்பார்கள்? மாநகராட்சி லாரி வந்து நின்றால் பட்டியல் எழுதும் பேச்சே கிடையாது. வண்டி ஏறும், தராசு ஏறும், குண்டானும் ஏறும்.

2023 ஏப்ரலில் மெரினா லூப் சாலை மீன்கடைகளை அகற்றியபோது நகரமே இரண்டு பட்டது. உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கு அது. சாலையை மறித்துக் கடை போடலாமா என்று ஒரு தரப்பு கேட்டது. குப்பம் முதலில் இருந்ததா, சாலை முதலில் வந்ததா என்று மீன்காரம்மாக்கள் கேட்டார்கள். லிபர்டேரியன் பாஷையில் சொன்னால் அவர்கள் கேட்டது சொத்துரிமைக் கேள்வி. தலைமுறை தலைமுறையாகப் படகை ஏற்றிய, வலை உலர்த்திய, மீன் விற்ற கரைக்கு அவர்களிடம் பட்டா இல்லை, அனுபவ பாத்தியதை உண்டு. அதை உரிமையாக எண்ணாமல் ஆக்கிரமிப்பு என்று எழுதியவுடன் வழக்கு பாதி முடிந்துவிடுகிறது. 2024இல் நொச்சிக்குப்பத்தில் நவீன மீன் அங்காடி திறந்தார்கள். நல்ல கட்டடம்தான். ஆனால் எங்கே விற்பது என்பதை முடிவு செய்தது அந்தப் பெண்கள் இல்லை.

ஆட்டோ மீட்டர் கதை எல்லோருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். 2013 ஆகஸ்டில் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று அரசு நிர்ணயித்தது. பத்து வருஷத்துக்கு மேல் அதைத் தொடவில்லை. எரிவாயு விலை, உதிரிபாக விலை, வீட்டு வாடகை எல்லாம் ஏறின. மீட்டர் மட்டும் ஏறவில்லை, அதனால் மீட்டரை யாரும் போடவில்லை. கடைசியில் 2025 பிப்ரவரியில் சங்கங்களே 50 ரூபாய், 18 ரூபாய் என்று அறிவித்துக்கொண்டன. அது செல்லாது என்று அரசு சொன்னது. நடைமுறையில் விலை ஆப்பில் தீர்மானமாகிறது, இல்லாவிட்டால் தெருமுனைப் பேரத்தில். விலைக் கட்டுப்பாடு எப்படிச் சாகும் என்று பாடம் எடுக்க இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

டாஸ்மாக்குக்கு வருவோம். இங்கே ராஜாஜியே லிபர்டேரியன்களுக்குச் சங்கடம். 1937இல் சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர் அவர். அதில் போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தவரும் அவரே. இன்றைக்கு நான் ராத்திரி பகலாகப் போராடும் ஜிஎஸ்டிக்கு ஒரு வகையில் மதுவிலக்குதான் பாட்டன். 1971இல் கருணாநிதி மதுவிலக்கைத் தளர்த்தியபோது, வேண்டாம் என்று அவரிடமே போய்க் கேட்டார் முதியவர் ராஜாஜி. பெர்மிட் ராஜை எதிர்த்தவர், மனிதன் எதைக் குடிப்பது என்பதில் மட்டும் பெர்மிட்டைவிடக் கடுமையானதைக் கேட்டார்.

டாஸ்மாக் நிறுவனம் 1983இல் எம்ஜிஆர் காலத்தில் மொத்த விற்பனைக்காக வந்தது. 2003இல் ஜெயலலிதா அரசு சில்லறை விற்பனையையும் அதன் கையில் கொடுத்தது. இன்றைக்கு ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் கஜானாவுக்கு வருகிறது. மது கேடு என்று எச்சரிக்கை அச்சடித்த பாட்டிலை விற்பதும் அரசு, அதன் விலையை வைப்பதும் அரசு, எந்தக் கம்பெனியிடம் எவ்வளவு வாங்குவது என்று முடிவு செய்வதும் அரசு, குடித்தவனைப் பிடிப்பதும் அரசு. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகக் கேட்டால் போக வேறு கடை கிடையாது. லிபர்டேரியன் இங்கே மதுவிலக்கையும் எதிர்ப்பார், டாஸ்மாக்கையும் எதிர்ப்பார். அரசு வியாபாரத்திலிருந்து விலகட்டும், வரி மட்டும் வாங்கட்டும், யாருக்கு விற்கக் கூடாது என்பதை மட்டும் கறாராகக் கவனிக்கட்டும் என்பது அவர் வாதம்.

எனக்கு இதில் பெரும்பகுதி உடன்பாடு. பனை மரத்துக் கள் 1987 முதல் இங்கே தடை. கேரளாவிலும் பக்கத்துப் புதுச்சேரியிலும் சட்டப்படி இறக்கலாம், இங்கே இறக்கினால் வழக்கு. இதற்கு ஆரோக்கியக் காரணம் சொல்பவர்கள், அதைவிடப் பல மடங்கு போதையுள்ள பிராந்தி ஏன் அரசுக் கடையில் விற்கப்படுகிறது என்பதற்குப் பதில் சொல்வதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் உயிரை வாங்கியது. குவார்ட்டர் வாங்கக் காசு போதாதவன் பாக்கெட் சாராயத்துக்குப் போனான். முழு மதுவிலக்கு கேட்பவர்கள் அந்தப் பாக்கெட்டின் சந்தையைத்தான் பெரிதாக்குவார்கள். அதே சமயம், ஒரு எச்சரிக்கை. 2003க்கு முன்னால் கடைகளைத் தனியாருக்கு ஏலம் விட்டபோது, ஏலம் எடுத்தவர்கள் கூட்டுச் சேர்ந்து அடித்த கூத்தும் கொஞ்சநஞ்சமில்லை. ஏலம் ஒரு நாலு பேருக்குள் முடிந்துவிட்டால் அதற்குச் சந்தை என்று பெயர் சொல்லக் கூடாது.

இலவசங்கள் பற்றி ஆவேசப்படும் அளவுக்கு விஷயம் இல்லை என்பது என் எண்ணம். 2006இல் கலர் டிவி, 2011இல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. 2013இல் உச்சநீதிமன்றம் தேர்தல் அறிக்கையில் இவற்றை அறிவிப்பது ஊழல் நடவடிக்கை ஆகாது என்றது. மிக்ஸியில் எனக்குள்ள புகார், அதை டெண்டர் விட்டு வாங்கியது. எந்த மிக்ஸி, யாருடைய மிக்ஸி என்பதை அரசு முடிவு செய்கிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வேறு ஜாதி. பணம் நேராக வங்கிக் கணக்குக்குப் போகிறது, அந்தப் பெண் பால் வாங்கலாம், சீட்டுக் கட்டலாம். ஃப்ரீட்மன் 1960களில் சொன்ன எதிர்மறை வருமான வரிக்கு இது தூரத்துச் சொந்தம். இதைப் பிச்சை என்று கேலி செய்யும் லிபர்டேரியன், தொழிற்சாலைகளுக்குத் தரும் நிலச் சலுகை, மின்கட்டணச் சலுகை பற்றி வாய் திறந்தால் அப்போது அவரை நம்புகிறேன்.

பரந்தூர். சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கு 2022 ஆகஸ்டில் இடம் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஏகனாபுரம் மக்கள் போராடுகிறார்கள், கிராம சபையில் மறுபடி மறுபடி தீர்மானம் போடுகிறார்கள். 2013 மத்திய நிலமெடுப்புச் சட்டம் தனியார் திட்டத்துக்கு 80 சதவீத நில உரிமையாளர்களின் சம்மதமும், அரசு-தனியார் கூட்டுத் திட்டத்துக்கு 70 சதவீதச் சம்மதமும், சமூகத் தாக்க மதிப்பீடும் கேட்கிறது. தமிழ்நாட்டுக்கு 1997ஆம் ஆண்டின் தொழில் நோக்க நிலமெடுப்புச் சட்டம் ஒன்று தனியாக உண்டு, அதில் இந்தச் சம்மதம் வராது. 2019 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த விதிவிலக்கைச் செல்லாது என்றது. அதே மாதம் சட்டமன்றம் முன்தேதியிட்டு அதை உயிர்ப்பித்தது. 2021இல் உச்சநீதிமன்றம் சரி என்றுவிட்டது. இந்த வேகத்தில் ஒரு பட்டா மாறுதலாவது நடந்து பார்த்திருக்கிறீர்களா?

சந்தையை ஆதரிப்பவர் விமான நிலையத்தையும் ஆதரிக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் சந்தை என்றால் விற்பவன் 'முடியாது' என்று சொல்லும் உரிமையும் சேர்ந்ததுதான். சந்தை விலையைப் போல மூன்று மடங்கு தருகிறோம் என்று சொல்லலாம், ஆனால் மறுக்க முடியாதவனுக்குத் தரும் விலையை எந்தச் சந்தையும் தீர்மானிக்கவில்லை. 1978இல் 44ஆவது திருத்தத்தில் சொத்துரிமை அடிப்படை உரிமை என்ற இடத்திலிருந்து இறங்கியபோது, அது ஜமீன்தார்களின் தலைவலி என்று நினைத்தோம். இன்றைக்கு அந்தத் தலைவலி இரண்டு ஏக்கர் நெல் வயல்காரருக்கு.

இதுவரை எழுதியது எளிது. சாதியில்தான் இந்தக் கொள்கைக்கு மூச்சு முட்டுகிறது.

லிபர்டேரியன் நூல்கள் பெரும்பாலும் அரசை வில்லனாக வைத்து எழுதப்பட்டவை. தமிழ்நாட்டில் ஒருவனைக் கிணற்றில் தண்ணீர் எடுக்கவிடாமல் தடுத்தது அரசு இல்லை, ஊர். கோயிலுக்குள் போகவிடாமல் தடுத்ததும் ஊர். 1947இல் கோயில் நுழைவுச் சட்டம் போட்டு, ஊரைத் தாண்டி உள்ளே அழைத்துப் போனது அரசு. இன்றைக்கும் சாதி மாறிக் காதலித்தவர்களை வெட்டுவது சொந்தக்காரர்கள். யாரோடு பழகுவது என்பது தனிமனிதர் விருப்பம் என்று சொல்லிக்கொண்டு, ஒரு ஊரே கூடி ஒருவனுக்குக் கடன், வாடகை, வேலை, டீக்கடை கிளாஸ் எல்லாவற்றையும் மறுப்பதைத் தனியார் விவகாரம் என்று விட்டுவிட முடியாது. பெரியாருக்கு இது புரிந்திருந்தது. சுதந்திராக் கட்சியில் பலருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை.

இந்த இடத்தில் எனக்கு உதவுபவர் அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக். 1974இல் எழுதிய நூலில் அவர் மூன்று விதி வைத்தார்: நியாயமாகச் சம்பாதித்த உடைமை, நியாயமாகக் கைமாறிய உடைமை, இந்த இரண்டும் மீறப்பட்டிருந்தால் அதைச் சரிசெய்வது. முதல் இரண்டை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். மூன்றாவதை மறந்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் மூன்றாவது விதிக்குப் பெயர் பஞ்சமி நிலம்.

செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர், பறையர்களின் நிலையைப் பற்றி அறிக்கை கொடுத்தார். 1892இல் ஆங்கில அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க முடிவெடுத்தது. மாகாணம் முழுதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குத்தான் விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிலத்தில் பெரும்பகுதி இன்று வேறு கைகளில். பழைய மகாபலிபுரம் சாலை, கிராண்ட் சதர்ன் டிரங்க் (ஜிஎஸ்டி) சாலை ஓரம் மனை வாங்குபவர்களுக்கு மூலப் பத்திரம் பார்க்கும் வக்கீல்கள் இந்தக் கேள்வியைக் கேட்டே தீருவார்கள். இதில் லிபர்டேரியனுக்கு ஒரு உறுத்தல் உண்டு: இன்னாருக்குத்தான் விற்கலாம் என்ற நிபந்தனையே உடைமை உரிமைக்கு ஒரு பூட்டு. ஆனால் அந்தப் பூட்டு இல்லாவிட்டால் கடனுக்கும் மிரட்டலுக்கும் நிலம் பத்து நாளில் போயிருக்கும், பூட்டு இருந்தும் போனது. சொத்துரிமை புனிதம் என்று பேசும் ஒருவர் பஞ்சமி நில மீட்பை ஆதரிக்கவில்லை என்றால், அவர் காப்பாற்றுவது சொத்துரிமையை இல்லை, இப்போது யார் கையில் இருக்கிறதோ அவர்களை.

இடஒதுக்கீட்டிலும் இதே வாதம்தான். செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951இல் உச்சநீதிமன்றம் சென்னை மாகாண வகுப்புவாரி அரசாணையை ரத்து செய்தது. அதற்கு முந்தைய வருஷம் 'கிராஸ் ரோட்ஸ்' வாரப் பத்திரிகையைச் சென்னை அரசு தடை செய்ததையும் உச்சநீதிமன்றம் ரத்து செய்திருந்தது. இந்த இரண்டு சென்னை வழக்குகளுக்கும் பதிலாக வந்தது 1951 ஜூனின் முதல் அரசியல் சட்டத் திருத்தம். ஒரே திருத்தத்தில் இடஒதுக்கீட்டுக்குக் கதவு திறந்தது, பேச்சுரிமைக்குக் கூடுதல் கட்டுப்பாடு வந்தது, அன்றைக்கு நீதிமன்றம் தொட முடியாததாக இருந்த ஒன்பதாவது அட்டவணையும் பிறந்தது. 1994இல் நம் 69 சதவீதம் போய் உட்கார்ந்தது அந்த அட்டவணையில்தான். பாரம்பரிய லிபர்டேரியன் மூன்றையும் எதிர்ப்பார். நான் முதலாவதை ஆதரிக்கிறேன், காரணம் நோசிக்கின் மூன்றாவது விதி. இரண்டாவதை முழுமனதோடு எதிர்க்கிறேன். மூன்றாவது விஷயத்தில், 69 சதவீதத்தைக் காப்பாற்றிய அதே பூட்டுக்குள் வேறு எதை எதையெல்லாம் வைத்தார்கள் என்று பார்த்தால் நிம்மதியாக இருக்க முடியவில்லை.

தொழிற்சங்கம் பற்றிக் கேட்டீர்கள். ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர், அக்டோபரில் ஒரு மாதத்துக்கு மேல் நடந்த வேலைநிறுத்தத்தின் மையத்தில் இருந்தது சங்கத்தைப் பதிவு செய்யும் கோரிக்கை. பதிவு 2025 ஜனவரியில்தான் கிடைத்தது. சந்தை ஆதரவாளர்கள் பலர் முதலீடு ஓடிவிடும் என்று பதறினார்கள். ஆனால் நாலு பேர் கூடிச் சங்கம் வைக்க அரசிடம் காத்துக்கிடக்க வேண்டியிருப்பது ராஜாஜி திட்டிய அதே பெர்மிட் ராஜ்தானே? சென்னைக்கு இதிலும் வரலாறு உண்டு. 1918இல் பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளர்களுக்காக பி.பி. வாடியா முன்நின்று ஆரம்பித்த மெட்ராஸ் லேபர் யூனியன், இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம். நிர்வாகம் சங்கத் தலைவர்கள் மீது உயர்நீதிமன்றத்தில் தடையாணை வாங்கியது. அந்த அதிர்ச்சியிலிருந்து கிளம்பிய கோரிக்கைதான் 1926 தொழிற்சங்கச் சட்டத்தில் முடிந்தது.

வெளிநாட்டு விவகாரத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குகள் மீது 50 சதவீத வரி போட்டபோது திருப்பூரும் ஆம்பூரும் ஆடிப்போயின. அந்த வரியை முதலில் கட்டுவது அமெரிக்க இறக்குமதியாளர், கடைசியில் அமெரிக்க வாடிக்கையாளர். நாமும் நம் இறக்குமதி வரிகளால் நம் மக்களுக்கு இதையே பல காலமாகச் செய்துவருகிறோம், அப்போது மட்டும் அதற்குச் சுதேசி என்று பெயர்.

சுற்றுச்சூழலில் இவர்கள் சொல்வது எனக்கு ஒத்துவரவில்லை. மாசு என்பது அடுத்தவர் உடைமை மீதான தாக்குதல், பாதிக்கப்பட்டவர் வழக்குப் போட்டு நஷ்ட ஈடு வாங்கலாம் என்பார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. படகு கறுத்தது, வலை கறுத்தது, இறால் பிடிப்பவர்கள் கைகள் புண்ணாயின. அந்த ஒரு மீனவர் எந்த ஆலையிலிருந்து எத்தனை லிட்டர் வந்தது என்று நிரூபித்து வழக்கு நடத்துவதற்குள் அவர் பேரன் வேறு தொழிலுக்குப் போயிருப்பான். முன்கூட்டியே கண்காணிக்கும் ஒரு வாரியம் வேண்டும். இருக்கிற வாரியம் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும் என்பது வேறு கதை.

கடைசியாக, கட்சி. சுதந்திராக் கட்சி 1974இல் வேறொன்றில் கரைந்துவிட்டது. புதிதாக ஒன்று ஆரம்பிக்கலாமே என்றால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவு இருக்கிறது. தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்யும் ஒவ்வொரு கட்சியும் மதச்சார்பின்மைக்கும் ஜனநாயகத்துக்கும் மட்டுமில்லாமல் சோஷலிசத்துக்கும் விசுவாசமாக இருப்போம் என்று தன் விதிகளில் எழுதித் தர வேண்டும். லிபர்டேரியன் கட்சி பதிவுப் படிவத்திலேயே பொய்யோடுதான் தொடங்க முடியும். சுயேச்சையாக நிற்கத் தடையில்லை. சட்டமன்றத்துக்கு டெபாசிட் 10,000 ரூபாய். ஆறில் ஒரு பங்கு வாக்கு வாங்காவிட்டால் அதுவும் அரசுக்கே.